சங்கு உத்தியோகம்

நாக்கு அடியில் ஒரு சவ்வால் ஒட்டியிருந்ததால் குழந்தைக்கு மார்பில் பால் குடிக்க வரவில்லை. ரோஸ்லின் பீய்ச்சித் தர, சகாயராஜ்தான் சங்கில் ஊற்றிப் புகட்டினான். பெற்றவளுக்கே கிடைக்காத உத்தியோகம் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு. டாக்டர் அந்தச் சவ்வைக் கத்தரித்ததும் வேலை போயிற்று. குழந்தை அம்மாவிடம் அப்பிக்கொண்டது. அவன் கழுவிய சங்கோடு நின்று, அந்த ‘மடக் மடக்’ சத்தத்தைப் பொறாமையோடு கேட்டான்.

“கையக் கழுவிட்டு வாங்க. நாக்கைத் தூக்கி விடலைன்னா மறுபடி ஒட்டிக்குமாம்.”

“ஒட்டினா?”

“திரும்பச் சங்குதான். ஏன், ஆசையா இருக்கோ?”

அவன் கையைக் கழுவி வந்து, வாயில் விரலை விட்டு நாக்கை நன்றாகவே தூக்கினான். வீறிட்ட குழந்தை, அழுகையை நிறுத்தி, அந்த விரலையே சப்பத் தொடங்கியது.

“முடிஞ்சுதா? குடுங்க, பசிக்குது அவனுக்கு.”

“இரு,” என்றான் சகாயராஜ். “இன்னும் சரியாத் தூக்கலை.”