மிட்டாய் இல்லாத வீடு

"வாசல் விளக்கை அணைச்சது யாரு?"

எமில் ரோர்பாக் கைத்தடியால் தரையில் ஓங்கித் தட்டினார்.

சமையலறையில் கேரட் சீவிக்கொண்டிருந்த மருமகள் கரீன் திரும்பாமலே பதில் சொன்னாள். "நான்தான் மாமா. விளக்கு எரிஞ்சா தெருப் பிள்ளைங்க எல்லாம் வேஷம் போட்டுக்கிட்டு மிட்டாய் கேட்டு வந்து நிக்கும். கொடுக்க நம்மகிட்ட இல்லையே."

"ஏன் இல்ல?"

"நான் கொண்டுவரல."

எமிலுக்குக் காது மடல் சிவந்தது. "எங்கப்பா செத்த வருஷம்கூட ஹாலோவீன் அன்னிக்கு இந்த விளக்கு எரிஞ்சுது. பிள்ளைங்க முதல்ல நம்ம வாசலுக்கு வந்துட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். இன்னிக்கு இருட்டைப் பார்த்தா என்ன பேசுவாங்க?"

"தூங்கிட்டாங்கன்னு பேசுவாங்க."

"ரோர்பாக் குடும்பம் கஞ்சப்பிசினாறி ஆயிடுச்சுன்னு பேசுவாங்க!"

கரீன் சிரித்துக்கொண்டே கேரட் துண்டின் நுனியில் ஒரு பாதாம் பருப்பை ஒட்டினாள். அது நகம் வைத்த விரல் போல ஆனது. மேஜை முழுக்க இப்படித்தான். உரித்த ஆரஞ்சுப் பழத்தின் உச்சியில் பச்சைக் காம்பு செருகினால் பூசணிக்காய். பாதி வாழைப்பழத்துக்குத் திராட்சையில் கண் வைத்தால் பேய். பேத்தி ட்ரூடியின் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் விருந்துக்கு வரப்போகிறார்கள். அவர்களுக்குத்தான் இத்தனையும்.

"இதெல்லாம் இருக்கட்டும்" என்றார் எமில். "நடுவுல ஒரே ஒரு கிண்ணம் மிட்டாய் வை. என் மானத்துக்காக."

"மாமா, அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதா? எழுபத்தெட்டு வருஷமா தின்னுட்டு நான் உயிரோட இல்லையா?"

"நீங்க இருக்கீங்க. உங்க பல்லு?"

எமில் வாயை மூடிக்கொண்டார். பல்செட் உள்ளே 'டக்' என்று இடித்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறதை நம்ம வீட்டுப் பிள்ளையும் தின்னணும் கரீன். நம்ம பிள்ளைக்கு ஒண்ணு, மத்த பிள்ளைக்கு ஒண்ணுன்னு இருந்தா அது குடும்பமே இல்ல."

கரீன் கையிலிருந்த கேரட்டைக் கீழே வைத்தாள். "இந்த ஒரு நாள் விட்டுடுங்க மாமா" என்றாள்.

"அப்போ ஜன்னல் திரையையாவது இழுத்துவிடு. யார் கண்ணிலும் படவேண்டாம்."

திரைகளை அவரே இழுத்துவிட்டார்.

பிள்ளைகள் வந்தார்கள். ஒருவன் எலும்புக்கூடு, ஒருத்தி வௌவால். ஒருவன் தபால்பெட்டி. அவனால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே தின்றான்.

"ஐயே, இந்தச் சூனியக்காரி நகமே வெட்டல!" என்று ட்ரூடி கேரட் விரலைக் கடித்தாள்.

"எனக்குக் கட்டை விரல்!"

"பேயோட கண்ணை முதல்ல தின்னுடு. அப்பத்தான் அது உன்னைப் பார்க்காது!"

மிட்டாய் எங்கே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும் என எமில் காத்திருந்தார். ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. அது அவரை இன்னும் உறுத்தியது. வௌவால் அவர் கையில் ஒரு வாழைப்பழப் பேயைத் திணித்தது. தின்றார். நன்றாகத்தான் இருந்தது. வெளியில் சொல்லவில்லை.

அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு ஷெல்பி. போன மாதம்தான் வேறு மாநிலத்திலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்தவள். தபால்பெட்டியின் அம்மா. தன் வீட்டு வாசலில் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தவள், கிண்ணத்தோடு அப்படியே வந்துவிட்டாள். கிண்ணம் நிறைய சிவப்புக் காகிதம் சுற்றிய கேரமல்.

"உங்க வாசல் இருட்டா இருந்துச்சு. மிட்டாய் தீர்ந்துபோச்சு போலன்னு நினைச்சேன். பசங்களா, வாங்க, எடுத்துக்கோங்க!"

ஏழு கைகள் நீண்டன. கரீன் குறுக்கே பாய்ந்தாள். "வேண்டாம்!"

ஷெல்பியின் முகம் சுருங்கிவிட்டது. "ஏங்க, இதுல விஷமா வச்சிருக்கு? நல்ல கம்பெனி மிட்டாய்தானே."

"அய்யோ, தப்பா நினைக்காதீங்க ஷெல்பி. அது வந்து... ட்ரூடிக்கு அலர்ஜி. ஒத்துக்காது."

"எனக்கா?" என்றாள் ட்ரூடி.

ஷெல்பி கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "புதுசா வந்தவங்க கையால வாங்கித் தின்னக்கூடாதுன்னா நேராவே சொல்லிடலாம்ங்க. டேய், கிளம்பு."

எமில் கைத்தடியை ஊன்றி எழுந்தார். இழுத்துவிட்ட திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"பொய் சொல்லாதே கரீன். இந்த வீட்ல அந்த வழக்கம் கிடையாது."

"மாமா, வேண்டாம்..."

அவர் கேட்கவில்லை. ஷெல்பியிடம் போய் நிமிர்ந்து நின்றார்.

"உன் மேல ஒரு குறையும் இல்லம்மா. நீ வச்சிருக்கிறது எங்க ஃபாக்டரி மிட்டாய். என் தாத்தா ஆரம்பிச்சது. இன்னிக்கு அதுல எதை எவ்வளவு போடணும்னு முடிவு பண்றது இந்த என் மருமகதான்."