கிளிமீனுக்குத் தீனி

எங்கள் தீவு மணல் முழுக்கக் கிளிமீன் பவளத்தைக் கொறித்துக் கழித்த எச்சம்தான். இதில் எனக்கு வெட்கமில்லை. கடல் சூடேறிப் பவளமெல்லாம் வெளுத்துச் செத்த வருஷம் மீன்களுக்குக் கல்யாண விருந்து. மணல் குவிந்து கரை நீண்டது. அந்தப் புதுக்கரையில்தான் இஞ்ஞாசி பழைய பவளக்கற்களை அடுக்கி வீடு கட்டினான். பவளம் தீர்ந்ததும் மணல் வரத்து நின்றது. அலை வாசலுக்கு வந்தது. அவன் சுவரைப் பெயர்த்துக் கடலில் போட ஆரம்பித்தான்.

"என்னலே பண்ணுத?" என்றேன்.

"தீனி போடுதேன் பாட்டையா. தின்னாத்தானே பேளும்?"

இப்போது ஒரு சுவர்தான் மிச்சம், சுற்றிலும் தண்ணீர். சுவரில் சாய்ந்து அவன் மனைவி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"செலினு, கொஞ்சம் நவுந்து உக்காரு" என்றான் கடப்பாரையோடு வந்த இஞ்ஞாசி.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் அவள்.