தப்பு இருந்தால் எழுதவும்

“இன்னிக்கும் வந்துட்டான் பாரு!” கணினி முன்னால் தலையில் அடித்துக்கொண்டான் கணவன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். போட்டோக்களை அடுக்கி வைக்க அவனே எழுதிய மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் உலகத்துக்கே திறந்துவிட்டிருந்தான். தப்பு இருந்தால் யாரும் எழுதலாம். ‘அன்புள்ள ஐயா’ என்று உட்கார்ந்து பதில் போடுவான். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளம்.

“படத்தைத் திருப்புற பொத்தானைக் காணோமாம். நேத்து எழுத்து சின்னதா இருந்துச்சாம். அதுக்கு முன்னாடி கலர் பிடிக்கலையாம்! மாசத்துக்கு ஒரு புது டெக்னாலஜி வருது, நானும் அது கூடவே ஓட வேண்டாமா?”

“யாருங்க அது?”

“யாருக்குத் தெரியும்? ‘பார்வையாளன்’னு பேர் வச்சுக்கிட்டு ஒருத்தன். பதில் போட்டா நன்றி சொல்றான். மறுநாளே இன்னொண்ணைத் தூக்கிட்டு வந்துடுறான்.”

போன் அடித்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான். “அப்பா. அப்புறம் பேசிக்கலாம்.”

அவன் கண்கள் சிவந்திருந்தன. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“சும்மா குடுத்தா இப்படித்தான் தலைமேல ஏறி உக்காருவாங்க. அந்த ஆளை இனிமே உள்ளேயே விடாதீங்க.”

“பாவம்டீ.”

“உங்களைப் பார்த்தா பாவமா இல்லையாக்கும்?”

பேச்சோடு பேச்சாக அவளே கைநீட்டி அந்த ஆளைத் தடை செய்யும் பொத்தானை அழுத்திவிட்டாள். சனியன் விட்டது என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் மாத்திரை வாங்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனாள். மாமியார் போன பிறகு அங்கே அவர் தனி. கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை முழுக்க மாமியாரின் படங்கள்.

“வாம்மா. இது ஏன் என்னை உள்ளே விட மாட்டேங்குது? காலையிலேர்ந்து எழுதிப் பார்க்கிறேன்.”

குனிந்து பார்த்தாள். மூலையில் ‘பார்வையாளன்’ என்று இருந்தது.

“மாமா... இதுல உங்களுக்கு அவ்வளவு கஷ்டமாவா இருக்கு?”

“கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பிரமாதமாத்தான் பண்ணியிருக்கான்” என்றார் அவர். “போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறான். தப்புன்னு எழுதினா மட்டும், ‘அன்புள்ள ஐயா’ன்னு உடனே பதில் போடுறான்.”