ஐம்பது கைநாட்டு

ஊரில் சாவு விழுந்துவிட்டது என்றுதான் கூத்தையா முதலில் நினைத்தார். வடக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. கதவுகள் சாத்திக் கிடந்தன. தொழுவத்தில் மாடுகள் தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தன.

நல்லதண்ணிக் கிணற்றடியில் இன்னும் விசித்திரம். வரிசை போட்ட குடங்கள் அப்படியே நின்றன, குடத்துக்காரிகளைக் காணவில்லை. மூன்று வருஷமாக மழை பொய்த்த ஊரில், ஊறுகிற தண்ணீரை விட்டுவிட்டு எந்தப் பெண் எழுந்து போவாள்?

அவர் கக்கத்தில் தீர்மான நோட்டு, கையில் மைப்பெட்டி. கருக்கனேந்தல் ஊராட்சிக்கு எட்டு வருஷமாக அவர்தான் கிளார்க்.

அன்றைக்கு 2003 மே ஒன்று. மே தினத்தில் ஊர் கூடி கிராம சபை நடத்த வேண்டும் என்பது சட்டம். அந்த ஊரில் மே தினம் என்று ஒன்று இருப்பதே கிளார்க்குக்கும் தலைவருக்கும்தான் தெரியும். கூட்டம் நடந்ததாக முதல் நாளே எழுதிவிட்டு, மறுநாள் வீடு வீடாகப் போய் ஐம்பது பேரிடம் கைநாட்டு வாங்கிவிடுவார். ரோடு, லைட்டு என்று ஏதாவது சொன்னால் போதும், கட்டைவிரலை நீட்டிவிடுவார்கள்.

போன வாரம்கூட, விறகு வெட்டப் போன இருளம்மாள் அவரை வழிமறித்து, மே ஒண்ணாந்தேதி என்ன விசேஷம், காலண்டரில் சிவப்பாகப் போட்டிருக்கிறதே என்று கேட்டாள். உழைக்கிறவர்களுக்கு லீவு, அன்றைக்குக் கிராம சபையும் உண்டு என்று சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இந்த வருஷத் தீர்மானம் வேறு மாதிரி. கிணறு இருக்கிற புறம்போக்கை இறால் பண்ணைக்குக் குத்தகை விட ஊர் சம்மதிக்கிறது என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். கம்பெனி ஆட்கள் சங்கிலி பிடித்து அளந்துவிட்டுப் போனதை ஊரே பார்த்தது. உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து தேக்கினால் ஆறு மாதத்தில் கிணறு செத்துப்போகும். அதுவும் ஊருக்குத் தெரியும்.

தலைவர் காலையில் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "நாலு மணிக்குக் கம்பெனிக்காரங்க என் வீட்டுக்கு வாராங்க. நோட்டு வரலேன்னா நீயும் வராத."

நிரந்தரமாகாத வேலை. வீட்டில் மனைவி பூமயிலை மாதம் தவறாமல் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும்.

மணி இரண்டரை ஆகிவிட்டது. நோட்டில் ஒரு கைநாட்டுகூட விழவில்லை. தெற்குத் தெருவுக்கு ஓடினார், அங்கேயும் அதே கதை. தூரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது. முழுப்பரீட்சை லீவில் எவன் மணியை அடிக்கிறான் என்று எரிச்சல் வந்தது. நின்று யோசிக்க நேரமில்லை.

கடைசி வீட்டில் மட்டும் ஆள் இருந்தது. பிள்ளை பெற்றுப் பத்து நாளான ராக்கு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் எங்கே என்று கேட்டார். பச்சை உடம்புக்காரியிடம் யார் சொல்லிக்கொண்டு போகிறார்கள் என்றாள். அவர் முகம் வேர்த்து வழிவதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்பில் பாதித் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சி ஆற வச்சது. பரவால்ல, குடிங்கண்ணே."

குடித்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். அவர் வீட்டுப் பானையில் இருப்பதும் அதுதான். நோட்டைப் பார்த்ததும் ராக்கு எதுவும் கேட்காமல் கட்டைவிரலை நீட்டினாள். கூத்தையாவுக்கு மைப்பெட்டியைத் திறக்கக் கை வரவில்லை. பிறகு வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு இறங்கினார்.

தெருமுனைக்கு வந்ததும் வேப்பமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டார். கைநாட்டு இல்லாமல் போனால் வேலை போய்விடும். வாங்கிக்கொண்டு போனால் தண்ணீர் போய்விடும். எல்லா ரேகையையும் தானே வைத்துவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. கையைப் பார்த்தார். இருப்பது பத்து விரல்தான் என்று எண்ணியபோது அழுகை வந்துவிட்டது.

மறுபடியும் மணி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் நடந்தார்.

பள்ளிக்கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. அறை போதாமல் வராந்தா வரைக்கும் ஆட்கள். வார்டு மெம்பர் சோணைமுத்து நாற்காலியில் இருந்தார். மேசைமேல் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் ஒரே ஒரு தீர்மானம், நல்லதண்ணிக் கிணற்றை யாருக்கும் கொடுப்பதில்லை என்று. அதற்குக் கீழே பக்கம் பக்கமாகக் கட்டைவிரல் ரேகைகள், மை காயாமல்.

வாசலில் நின்ற கூத்தையாவைப் பார்த்ததும் முன்னால் இருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். இருளம்மாள் எழுந்து வந்து பேனாவை அவர் கையில் வைத்தாள்.

"ஒங்க ஒப்பு மட்டுந்தான் பாக்கி, கிளார்க்கய்யா."