பெயின்ட் பாஸ் எப்படி ஆள்?

அடையாள அட்டையை முன்னும் பின்னும் படம் எடுத்த பிறகும் நாகேந்திரத்துக்கு மனம் ஆறவில்லை. அட்டையில் இருந்த முகத்தையும் எதிரே நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான் சேர். தாடி மட்டும் பொறகு வெச்ச" என்றார் பெயின்ட் அடிக்க வந்திருந்த ஸமீம் பாஸ்.

"குறை நினைக்காதேங்கோ பாஸ். போன முறை நல்லாப் பட்டுப்போனன்."

பட்டது உண்மைதான். போன மாதம் பெயின்ட் அடிக்க வந்தவன், நாகேந்திரத்தின் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் பின்னறைச் சுவரைப் பார்த்த கையோடு கீழே இறங்கிக் கண்டவர் நின்றவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டான். அது வீடு வாங்க இருந்தவரின் காதுக்கும் எட்ட, அந்த மனிதர் பிறகு ஃபோனையே எடுக்கவில்லை. இந்த முறை ஆளைத் துருவித் துருவி விசாரிக்காமல் பிரஷ்ஷைத் தொட விடுவதில்லை என்று நாகேந்திரம் கங்கணம் கட்டியிருந்தார்.

ஸமீம் பாஸ் தானாக வந்தவர். மாளிகாவத்தை ஆள், முப்பது வருஷமாக இதே வேலை. "பில்டிங்க ஒருக்காப் பாத்துட்டுப் போவம் எண்டு வந்த. நீங்க பெயின்ட் அடிக்க ஆள் தேடுறதாக் கீழ வாட்சர் சொன்னார்" என்றிருந்தார்.

அவரை ஹோலில் இருக்கச் சொல்லிவிட்டு, நாகேந்திரம் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பாஸ் தந்த நம்பரில், கொட்டாஞ்சேனையில் அவர் கடைசியாகப் பெயின்ட் அடித்த வீட்டுக்கு ஃபோன் போட்டார். புளோறன்ஸ் என்ற அம்மா எடுத்தார்.

"ஸமீம் பாஸா? தங்கமான மனுஷன். சொன்ன நேரத்துக்கு வருவார். நிலத்தில ஒரு சொட்டு விழாது."

"குடி கிடி?"

"சேச்சே!"

"வாய் எப்பிடி? ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில போய்..."

"அவரா? வாயத் திறந்தாத்தானே! பேரனைப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க. பிறகு நிப்பாட்டவே ஏலாது."

நாகேந்திரத்துக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? உள்ளே வந்தபோது பாஸ் குளியலறைக் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கை நனைக்காமலே மூடினார். வாளிக்குத் தண்ணீர் போதுமா என்று பார்க்கிறார், பொறுப்பான ஆள்தான் என்று நாகேந்திரம் எண்ணிக்கொண்டார்.

பின்னறைக்குப் போய், அட்டையைக் கையில் பிடித்தபடியே நாகேந்திரமும் தள்ள, இருவருமாக அலுமாரியை நகர்த்தினார்கள். மறைந்திருந்த சுவர் இடுப்பளவுக்குக் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. பாஸ் விரலால் தட்ட, சாந்து பொலபொலவென்று கொட்டியது.

"எத்தின வருஷமா சேர்?"

"நாலு வருஷம். மேல் வீட்டுப் பைப் சுவருக்குள்ள கசியுது. அவை வெளிநாட்டில. நான் ஆரோட கதைக்கிறது?"

"இதுக்கு மேலால பெயின்ட் அடிச்சு வேலையில்ல. பைப்ப மாத்தி, சாந்தக் கொத்தி எடுத்து, காய வெச்சு... ஒண்டரை மாசம் வேணும்."

"ஒண்டரை மாசமோ? இப்ப வாங்கிற ஆக்கள் வாற சனிக்கிழமை கடைசியா ஒருக்காப் பாக்க வருகினம். அண்டைக்கு அலுமாரியையும் நகர்த்திக் காட்டச் சொல்லியிருக்கினம். நீங்கள் இறுக்கி ரெண்டு கோட் அடிச்சு விடுங்கோ. கையெழுத்து வைக்கும் மட்டும் தாங்கினாக் காணும்."

ஹோலில் மனைவி பத்மாவதி இருமத் தொடங்கினாள். தொடங்கினால் லேசில் நிற்காத இருமல் அது. இந்த ஈரத்தை விட்டுப் போகாவிட்டால் மருந்து பிடிக்காது என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். இந்த வீடு விலைப்பட்டால்தான் அவளை வேறு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். நாகேந்திரத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் பெரிதாக இருந்தது.

"மனுசி இந்த அறையில படுத்துத்தான் நெஞ்சைப் பழுதாக்கிக்கொண்டவ" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"இனி இதில யாரு படுக்கப்போற சேர்?"

நாகேந்திரம் கீழே கொட்டிய சாந்தைக் காலால் ஒதுக்கினார். "வாங்கிறவைக்கு ஒரு கைப்பிள்ளை இருக்கு. வெயில் படாத அறை எண்டு பிள்ளைக்கு இதைத்தான் பிடிச்சிருக்கினம். பிறகு அவை திருத்துவினம்தானே, பாஸ். இளம் ஆக்கள். ரெண்டு பேரும் உழைக்கினம்."

பாஸ் வாயே திறக்கவில்லை. சுவரில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. புளோறன்ஸ் சொன்னது எவ்வளவு சரி என்று நாகேந்திரத்துக்குத் தெம்பு வந்தது.

"உங்களைப் பற்றி எல்லாம் விசாரிச்சிட்டன். நம்பிக் கதை சொல்லலாம் எண்டு சொன்னவை. ஆனபடியால்தான் இதைக் காட்டினனான். அந்தப் பிள்ளையின்ர தாய் தகப்பன்ர காதில மட்டும் இது விழக்கூடாது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அவர் உண்மையாகவே கும்பிட்டார். அந்தக் கைகளுக்கு நடுவில் இன்னும் இருந்த அடையாள அட்டையை ஸமீம் பாஸ் மெல்ல உருவி எடுத்தார். விரலில் ஒட்டியிருந்த கறுப்பு அதிலும் பட்டது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அந்தக் கைப்பிள்ளை என்ட பேரன், சேர்."