மூன்றாவது பள்ளிக்கூடம்

"பொம்பளப் புள்ளைங்க டாய்லெட்டுக்கு உள்தாழ்ப்பாள் இருக்குதா சார்?"

கேட்ட ராணியம்மாளைத் தலைமையாசிரியர் பூவராகன் நிமிர்ந்து பார்த்தார். கிள்ளைப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரி. மீன் கூடையை வாசல் வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டு வந்திருந்தாள். ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளி பார்க்கிறாளாம். காலையிலிருந்து அவள் ஏறி இறங்கும் மூன்றாவது அரசு நடுநிலைப் பள்ளியாம் இது.

பூவராகனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மாணவர் எண்ணிக்கைக் கணக்கெடுப்புக்கு இரண்டே நாள்தான் பாக்கி. பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை குறைகிறது. அது சேராவிட்டால் கணக்கு டீச்சர் கயல்விழியை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அந்த ஒரு பிள்ளைக்காகப் பத்து நாளாகத் தெருத்தெருவாக அலைந்ததில் அவருக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

"தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கும்மா. நாளைக்கு மாத்திடறேன்" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மத்த ரெண்டு ஸ்கூல்லயும் ஜோரா இருக்குன்னாங்க. போய்ப் பாத்தா டாய்லெட்டே பூட்டிக் கெடக்கு."

பூவராகன் வகுப்பறை ஸ்மார்ட் டி.வி.யைப் பெருமையாகப் போட்டுக் காட்டினார். அவள் அதைச் சட்டையே செய்யவில்லை. குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். முட்டை தினமும் உண்டா, மழைக்கு எந்த வகுப்பு ஒழுகும் என்று துருவித் துருவி விசாரித்தாள். மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

கடைசியில் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தாள். "போன ஐப்பசி மழையில, முட்டியளவு தண்ணியில நடந்து ஒம்போது மணிக்கெல்லாம் வந்துட்டாங்க கணக்கு டீச்சரு. இந்த வருசமும் அவுங்க இருப்பாங்கல்ல?"

இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று வியந்தார் பூவராகன். "ஒரு புள்ள கொறையுதும்மா. சேரலன்னா அவுங்கள மாத்திடுவாங்க."

ராணியம்மாள் எழுந்து வெளியே போனாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று அவர் தம்மையே நொந்துகொண்டார்.

ஆனால் கூடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தாள். அவருக்குப் போன உயிர் வந்தது. அவசரமாகச் சேர்க்கைப் படிவம் ஒன்றை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"உங்க புள்ள பேர் சொல்லுங்கம்மா."

"எனக்கேது சார் புள்ள? தெனம் மீன் வித்துக்கிட்டு எல்லா ஸ்கூல் வாசலையும் தாண்டிப் போறவ நீதான், நீயே பாத்து முடிவு பண்ணுன்னு ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டாங்க." கவரை மேசைமேல் கவிழ்த்தாள். "எங்க குப்பத்துல அஞ்சாவது முடிச்ச பதினோரு புள்ளைங்களோட ஆதார் ஜெராக்ஸும் இதுல இருக்கு. டீச்சர எங்கயும் அனுப்பிடாதீங்க."

பூவராகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"கயல்விழி, ஃபாரத்தைக் கட்டோட எடுத்துக்கிட்டு வாங்கம்மா!"