மடியில் மூன்று கடை

"கிலோ ஒரு லட்சத்து இருபதாயிரம் விழுது" என்றார் கஜபதி.

ஏலக்காயைச் சொல்லவில்லை. ஏலக்காய் நிறுக்கும் தராசில் படுத்திருந்த லேப்டாப்பைச் சொன்னார். தராசு தொள்ளாயிரத்து எண்பது கிராம் காட்டியது. வாங்கிய விலை ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் என்று பிரசன்னா வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம், மனுஷன் மனக்கணக்கிலேயே வகுத்துவிட்டார்.

பிரசன்னாவுக்குக் கோபம் வரவில்லை. விருதுநகரில் கமிஷன் கடைத் தெருவில் வளர்ந்தவன். வாங்க நினைக்கிறவன்தான் பொருளுக்குக் குறை சொல்லுவான், வேண்டாதவன் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவான் என்பது அவனுக்குப் பால்குடி வயதிலேயே தெரியும்.

கஜபதிக்கு ஆவடியில் ஒன்று, பூந்தமல்லியில் ஒன்று, திருவேற்காட்டில் ஒன்று என்று மூன்று மொத்த மளிகைக் கடைகள். கடைக்கு ஒரு மகன். அவர் மட்டும் அம்பத்தூர் குடோனில் உட்கார்ந்துகொண்டு மூன்று பேரையும் சந்தேகப்படுவார்.

மூன்று கடைச் சரக்கும் ஒரே கணக்கில் ஓட ஒரு மென்பொருள் எழுதி எடுத்து வந்திருந்தார்கள், பிரசன்னாவும் அவன் கூட்டாளி சௌம்யாவும். வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி தொடங்கியவர்கள். இன்னும் முதல் போணி ஆகவில்லை. இதுவும் கைநழுவினால் பழைய ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"தெரிஞ்ச மண்டி ஒண்ணு இருக்கு" என்று கூட்டி வந்தவள் சௌம்யா.

அவள் தராசிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். நாற்காலி கேட்கவில்லை. துவரம்பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்து மடியில் வைத்துத் திறந்தாள்.

எத்தனை தடவை பார்த்தாலும் பிரசன்னாவுக்கு இது மட்டும் சலிப்பதில்லை. அப்பளக் கட்டு கனத்தில் ஒரு பெட்டி. அதற்குள் கடைக்கு ஒன்றாக மூன்று கம்ப்யூட்டர்கள். கையால் தொட முடியாது, ஆனால் நிஜக் கம்ப்யூட்டர் செய்கிற எல்லாவற்றையும் செய்யும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் கணக்கு, தனி புத்தி. ஒன்று படுத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பதற்குத் தலைவலிகூட வராது. ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் வைத்துக் குழாயடிச் சண்டை வராமல் பார்த்துக்கொள்கிற வீட்டுக்காரனை அவன் வேறு எங்கும் கண்டதில்லை. இத்தனைக்கும் ஒரு முனகல் கிடையாது.

ஆவடியில் பத்து மூட்டை விற்றாள். திரையில் பூந்தமல்லி ஜன்னலிலும் மொத்த இருப்பு குறைந்தது.

"இன்னாம்மா, மூணு கடையும் இதுக்குள்ளயே கீதா?"

"இருக்கு."

எந்த வியாபாரியையும் வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவள், இவரை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பயந்துவிட்டாள் போல என்று நினைத்தான் பிரசன்னா.

கஜபதி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "கடேசி மூட்டை ஒண்ணே ஒண்ணு. லைன் பூட்ச்சு. ஆவடிலயும் விக்கிறான், பூந்தமல்லிலயும் விக்கிறான். இப்ப இன்னா பண்ணும் உன் பொட்டி?"

பிரசன்னா சரியாக அந்த இடத்தை எழுதி முடித்தது போன வாரம்தான்.

சௌம்யா மூன்று கம்ப்யூட்டருக்கும் நடுவே இருந்த இணைப்பைத் துண்டித்தாள். ஒரே மூட்டையை இரண்டு கடையிலும் விற்றாள். மறுபடி இணைத்தாள்.

மூன்று ஜன்னலிலும் சிவப்பாக ஒரு வரி எழுந்தது. ஒரு மூட்டை குறைகிறது. முதலில் விற்றது ஆவடி. பூந்தமல்லி வாடிக்கையாளரிடம் தகவல் சொல்லவும்.

கஜபதி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறைக்கல" என்றார் கடைசியில். "என் பசங்களா இருந்தா மறைச்சிருப்பானுங்கோ."

பிறகு, "நாலாவதா ஒண்ணு போடு."

"சார், உங்களுக்குக் கடை மூணுதானே?" என்று பிரசன்னா குறுக்கே பாய்ந்தான்.

"திர்முல்லவாயில்ல எடம் வாங்கிப் போட்டு கீறேன். நீ போடும்மா."

சௌம்யாவின் விரல்கள் நின்றன. "இதுல இடம் பத்தாது" என்றாள், தலை நிமிராமல். மொத்த மெமரி பதினாறு ஜிபி. கடைக்கு நாலு வீதம் பன்னிரண்டு போயாச்சு. மீதி நாலு, லேப்டாப் உயிரோடு இருக்க. அதில் கை வைக்க முடியாது.

கஜபதிக்கு ஜிபி என்றால் என்னவென்று தெரியாது. பதினாறு என்றால் தெரியும்.

"மூணு கடைலயும் ஆளுக்கு ஒண்ணு எட்த்துக்கோ. உங்கண்ணனுங்க கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

பிரசன்னா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அதே மூக்கு. அதே புருவம். இத்தனை நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

கட்டிக்கொடுக்கும்போது போட்ட நகையோடு பெண்ணின் பங்கு முடிந்தது என்பது எந்த மண்டித் தெருவிலும் எழுதாத சட்டம். அவனுடைய அக்காக்கள் இரண்டு பேருக்கும் அப்படித்தான் கணக்கு முடித்தார்கள். சபையில் அவனும்தான் உட்கார்ந்திருந்தான். இங்கே நாலாவது கடை மகளுக்கு.

"தம்பி, நாலு கடைக்கும் சேத்து வெல சொல்லு" என்றார் கஜபதி அவன் பக்கம் திரும்பி. "பொண்ணு செஞ்சதுன்னு பேரம் பேசாம உட்ருவேன்னு நெனைக்காத."

சௌம்யா ஆவடியை நிறுத்தினாள். பூந்தமல்லியை நிறுத்தினாள். திருவேற்காட்டை நிறுத்தினாள். ஒவ்வொன்றிலும் நாலை அழித்து மூன்று போட்டாள். புதிதாக ஒன்றைத் திறந்தாள். பெட்டி பெயர் கேட்டது. திருமுல்லைவாயில் என்று அடித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை அழித்தாள்.

நான்கும் எழுந்து நின்றன.

கஜபதி மடியருகே குனிந்து, திரையைத் தொடாமல் விரலாலேயே கூட்டினார். ஆவடி மூணு. பூந்தமல்லி மூணு. திருவேற்காடு மூணு. திருமுல்லைவாயில் மூணு. பொட்டிக்கு நாலு.

"பதினாறு" என்றார். "சரியா கீது."